எங்கே சாப்பிடலாம்?

“எங்க சாப்பிடலாம்?” என்று கேட்டால் நம்மவர்களில் பலரிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான். “எதுனாலும் ஓகே. நீங்களே சொல்லுங்க.” கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் அதைச் சொன்னவர் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் எதிராளியின் தலையில் கட்டிவிட்டார். விலை பார்ப்பது, தூரம் பார்ப்பது, இவர் என்ன சாப்பிடுவார் என்று ஊகிப்பது, சாப்பாடு சரியில்லை என்றால் பழியைச் சுமப்பது எல்லாம் இனி அவர் பாடு. இன்னொரு பக்கம், எதுவும் கேட்காமல் “ஒரு மணிக்கு இங்க வந்திருங்க” என்று கடையின் இடக்குறியை அனுப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தெளிவு இருக்கிறது. கூடவே, அடுத்தவருக்கும் விருப்பமோ வரம்போ இருக்கலாம் என்பதை மறந்துவிட்ட ஒரு தோரணையும் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. இன்னொருவருக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அக்கறை எங்கே முடிகிறது, அதிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது? இதைத் திருமணம், பிள்ளை வளர்ப்பு, அரசியல் என்று பெரிய விஷயங்களை வைத்துப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு இது வேலைநாளின் மதியச் சாப்பாட்டில்தான் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கோலாலம்பூரில் இரண்டு பேர். இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஆபீஸ், கையில் ஒரு மணி நேரம். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் நேரம், பணம், உடம்பு, மானம் நான்கும் வந்துவிடுகின்றன.

முதலில் நேரம். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்கள் ஒரு மணி நேரம் தருகின்றன. அந்த ஒரு மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்கி நடக்க 10 நிமிடம். திரும்பி வர 10. ஆர்டர் சொல்லிவிட்டுக் காத்திருக்க 10. பில் கட்ட 5. மிச்சம் 25 நிமிடம். இருவரும் ஒருவரையொருவர் உண்மையாகப் பார்த்துப் பேசப்போவது அந்த 25 நிமிடம்தான். எல்.ஆர்.டி. ஏற வேண்டிய இடமென்றால் அதுவும் கரைந்துவிடும்.

ஒருவர் கே.எல்.சி.சி. பக்கம், இன்னொருவர் கே.எல். சென்ட்ரல் பக்கம் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கெலானா ஜெயா தடத்தில் மஸ்ஜித் ஜாமேக் நிலையம் கே.எல்.சி.சி.யிலிருந்து மூன்றாவது, சென்ட்ரலிலிருந்து இரண்டாவது. கணக்குப்படி அதுதான் நடு. என்னைப் போன்ற பொறியியல்காரனுக்கு உடனே அங்கே ஒரு புள்ளி வைக்கத் தோன்றும். ஆளுக்குப் பாதி தூரம், பிரச்சினை முடிந்தது.

முடியவில்லை. ஒருவர் திட்டப் பொறியாளர். பத்து நிமிடம் தாமதமாகத் திரும்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொருவர் வங்கி முகப்பிலோ மருத்துவமனை ஆய்வுக்கூடத்திலோ இருக்கிறார். இரண்டு மணிக்கு அவர் வந்து உட்கார்ந்தால்தான் அடுத்தவர் சாப்பிடப் போக முடியும். அவர் தாமதமானால் இன்னொருவர் பசியோடு காத்திருப்பார். இந்த இருவருக்கும் சமமான தூரம் வைப்பது சமமான சுமை ஆகாது. நேரத்தில் யாருக்குச் சுதந்திரம் அதிகமோ அவர்தான் தூரத்தைச் சுமக்க வேண்டும். ‘நடுவுல சந்திக்கலாம்’ என்பது நியாயம் போலவே இருக்கும். அதைச் சொல்வதற்கு முன்னால் ‘உங்களுக்கு எத்தனை மணிக்குள்ள திரும்பணும்?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தனிக் கதை. தொழுகைக்காக அரசு அலுவலகங்களில் மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. தனியாரிலும் பல இடங்களில் அன்று கொஞ்சம் தாராளம் உண்டு. நிதானமாகச் சாப்பிட வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். அதே நாளில்தான் நம் வீடுகளில் பாதிப் பேர் சைவம். நேரம் கிடைக்கிற அன்றைக்குத் தட்டில் கோழி கிடைக்காது. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் கடை தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அடுத்தது, ‘நல்ல கடை’ என்கிற மயக்கம். கைப்பேசியைத் திறந்தால் நட்சத்திரங்கள், படங்கள், ஆயிரக்கணக்கான விமர்சனங்கள். எல்லாவற்றையும் படித்துச் சிறந்ததைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஹெர்பர்ட் சைமன் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு மாற்றான ஒரு வழியைச் சொன்னார். மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் எடைபோட்டுச் சிறந்ததை எடுப்பதில்லை; தங்களுக்குத் தேவையான அளவை எட்டுகிற ஒன்று கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். அவருக்கு 1978இல் பொருளாதார நோபல் கிடைத்தது. சைமன் சொன்னது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை. எனக்கோ அது எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் வழிகாட்டியாகத் தெரிகிறது. முதலில் எது கூடாது என்று வரையறு. அந்த வேலிக்குள் வருகிற முதல் நல்ல கடையில் நின்றுவிடு.

ஏனென்றால், இந்த நகரத்திலேயே சிறந்த கடையைத் தேடுகிறவர் பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார். ‘இவருக்கு நல்ல ரசனை’ என்று எதிரே இருப்பவர் நினைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதில் பெரிய குற்றம் இல்லை. பழகத் தொடங்கும்போது எல்லாரும் கொஞ்சம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆசையை ‘உங்களுக்காகத் தேடினேன்’ என்ற பெயரில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் சிக்கல். வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தில் அனிச்சப் பூ வருகிறது. அது மோந்தால் வாடும். விருந்தினர் முகம் பார்த்தே வாடிவிடுவார். அங்கே கவனம் முழுக்க உபசரிப்பவரின் முகத்தில் இருக்கிறது. சோறு நன்றாக வெந்ததா என்பது அந்த இடத்தில் பேச்சே இல்லை. கடை தேர்ந்தெடுக்கிறவருக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். வந்தவருடைய முகம் வாடாத இடம் எது?

முகம் வாட முதல் காரணம் தட்டு. ‘விருப்பம்’, ‘வரம்பு’ என்ற இரண்டு சொற்களை நாம் போட்டுக் குழப்புகிறோம். எனக்கு மீன் தலைக் கறி பிடிக்கும் என்பது விருப்பம். ஒருவர் சைவம் என்பது வரம்பு. எதிரே இருப்பவர் முஸ்லிம் என்றால் ‘பன்றி இறைச்சி இல்லை’ என்று கடை வாசலில் தொங்குகிற அட்டை போதாமல் போகலாம். ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழைப் பார்த்துத்தான் உள்ளே போவேன் என்பவர்கள் நிறைய. கடலை ஒவ்வாமை இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. விருப்பமும் வரம்பும் மோதினால் விருப்பம் விலகிக்கொள்ள வேண்டும். ஒருவரால் எல்லாம் சாப்பிட முடியும், இன்னொருவரால் சிலதுதான் முடியும் என்றால், முடிகிறவர்தான் நகர வேண்டும். “அங்க சைவமும் கிடைக்கும்லா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே” என்று அழைத்துப் போய் அவருக்கு வறுத்த சோறும் காய்கறியும் மட்டும் வாங்கிக் கொடுப்பது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காரவைப்பது மாதிரி.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அப்படியானால் வளைந்து கொடுக்கிறவரே காலம் முழுக்க வளைய வேண்டுமா? வளையாதவருக்கு எந்தக் கடமையும் இல்லையா? இருக்கிறது. வரம்பு உள்ளவர் அதைத் தன் தட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘என் முன்னாடி நீங்க கறி சாப்பிடக்கூடாது’ என்று சொல்லும்போது அது வேறொன்றாக மாறிவிடுகிறது. நம் சமூகத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது சாதியை அளக்கிற கோலாக இருந்திருக்கிறது. கப்பலேறி மலாயா வந்தபோது அந்தக் கோலும் கூடவே வந்தது. அதனால் சைவம் என்று சொல்கிற ஒவ்வொருவரும் அதைக் கையில் வைத்திருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஆனால் நம் மறுப்பு உடம்புக்காகவா, மனசாட்சிக்காகவா, இல்லை எதிரே இருப்பவரை எடைபோடவா என்ற கேள்வியை அவரவர்தான் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை வெளியே இருந்து யாரும் கேட்க முடியாது.

இனி பணம். இதைப் பேச நமக்குக் கூச்சம். உணவுப் பட்டியலில் 30 வெள்ளி என்று போட்டிருக்கும். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி. கடைசியில் ஏறக்குறைய 35 வெள்ளி. ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாத உணவகம் சேவை வரி வசூலிக்க வேண்டியதில்லை என்பதால் ஒட்டுக்கடையில் இந்தக் கூட்டல் குறிகள் கிடையாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். பேரங்காடியில் ஒரு கோப்பைக் காப்பி அதற்கு மேல் ஆகும். நம்மோடு சாப்பிட வருபவர் படித்தவராக, நல்ல உடை போட்டவராக இருக்கலாம். அதை வைத்து அவருடைய மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பி.டி.பி.டி.என். கடன், வாடகை, வீட்டுக்கு அனுப்புகிற பணம் எல்லாம் சட்டைப் பையில் எழுதியிருக்காது.

“நான்தான் கட்டப்போறேன், அப்புறம் விலை என்ன பிரச்சினை?” என்று கேட்கலாம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கொடுத்தது திரும்பி வர வேண்டும் என்கிற எதிர்பார்ப்பு பரிசுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நமக்கு இதைச் சொல்ல மோஸ் வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஒரு ஓரமாக மேசை போட்டு, மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, அடுத்த கல்யாணத்தில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி எழுதுகிற பரம்பரை நாம். அன்பாகக் கொடுத்ததற்கும் கணக்கு உண்டு என்று நமக்கு எப்போதோ தெரியும்.

அப்படியானால் 120 வெள்ளிக்கு ஒரு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பவர் எதிரே இருப்பவருடைய நோட்டில் என்ன எழுதுகிறார்? வருமானம் குறைந்தவருக்கு இரண்டே வழிதான். ஒன்று, தன் சக்திக்கு மீறித் திருப்பிச் செய்ய வேண்டும். இல்லையென்றால் பணமல்லாத வேறு ஏதோ ஒன்றில், இணக்கமாகவோ, புன்னகையாகவோ, ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவதாகவோ, அதைத் தீர்க்க வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கடன் மேசைமேல் இருக்கிறது. பெண்கள் பலர் முதல் சந்திப்பில் பில்லைப் பாதியாகப் பிரிக்கக் கேட்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதை அகம்பாவம் என்று பேசுகிற ஆண்கள், தாங்கள் கட்டிய பணத்துக்கு என்ன எதிர்பார்த்தார்கள் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

ஆகவே நான் வந்து சேர்ந்த விதி இதுதான். இருவரில் குறைவாகச் சம்பாதிப்பவர், அடுத்த முறை வருத்தமில்லாமல் திருப்பி வாங்கிக் கொடுக்கக்கூடிய விலையில் கடை இருக்க வேண்டும். யார் முதலில் கட்டினாலும் பரவாயில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, நாசி கண்டார் கடை, நல்ல கொப்பித்தியாம் எல்லாம் இந்த விதிக்குள் வந்துவிடும். அடுத்த வாரம் “இந்தத் தடவை என் கணக்கு” என்று அவர் சொல்ல முடிந்தால் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கும் ஒரு மறுப்பு வரும். அப்படிப் பார்த்தால் யாரும் யாருக்கும் ஆசையாக எதுவும் செய்யவே முடியாதே? செய்யலாம். நம்பிக்கை வளர்ந்த பிறகு கணக்கு தானாகவே தளரும். பத்து வருடப் பழக்கத்தில் யார் எவ்வளவு கட்டினார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் சொல்வது அதற்கு முந்தைய காலத்தை. ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் இன்னொருவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று இன்னும் தெரியாத காலம் அது.

அந்த ‘வேண்டாம்’தான் அடுத்த விஷயம். ஒரு தோழி முதல் சந்திப்பை எப்போதும் வேலைநாள் மதியத்தில்தான் வைத்துக்கொள்வாள். காரணம் கேட்டபோது சொன்னாள்: “டின்னர்னா எப்ப முடியும்னு நான் சொல்லணும். லஞ்ச்னா ஆபீஸ் சொல்லிரும்.” எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முடிவு கிடையாது. எழுந்து போகிறவர் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டியிருக்கும்போதே அவருடைய சுதந்திரத்தில் பாதி போய்விடுகிறது. மதியத்தில் இரண்டு மணி என்பது இருவருக்கும் பொதுவான கதவு. யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் எழுந்து போகலாம். அதனால் கடையும் அந்தக் கதவை மூடாத இடமாக இருக்க வேண்டும். நடந்தே ஆபீசுக்கோ ரயிலுக்கோ போய்விடக்கூடிய தூரம், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம். ‘என் கார்லயே போயிரலாம், அங்க நல்லா இருக்கும்’ என்று ஊர் தாண்டி அழைத்துப் போவது எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும், திரும்பி வருகிற சாவியை ஒருவர் கையில் மட்டும் வைத்துவிடுகிறது.

ஆள் நடமாட்டம் என்றால் பார்வையும் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து இலையில் சாப்பிட்டால், சாயங்காலத்துக்குள் செய்தி கிள்ளானில் ஒரு சித்திக்குப் போய்விடும். அவனுக்கு அது கிண்டலோடு முடியும். அவளுக்கு வீட்டில் விசாரணை. பார்க்கப்படுவதன் விலையும் இருவருக்கும் ஒன்றில்லை. அதனால் நம் ஆட்கள் நிறைந்த இடமா, பேரங்காடியின் நான்காவது மாடியா என்பதை அந்த விலையைக் கட்டப்போகிறவர் தீர்மானிக்கட்டும். சில பெண்கள் வேண்டுமென்றே பிரிக்ஃபீல்ட்ஸைக் கேட்பார்கள். ஒளிந்துகொள்வதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய நிலை. அதுவும் அவர்கள் சொல்ல வேண்டியது. நாம் துணிச்சல் காட்ட அவர்களை முன்னால் நிறுத்தக் கூடாது.

சரி, யார் முடிவெடுப்பது? சின்ன வயதில் ஒரு துண்டு கேக்கை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிக்க அம்மாக்கள் கையாளும் வழி எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும். கடைக்கும் இதைச் செய்யலாம். ஒருவர் மூன்று இடங்களைச் சொல்கிறார், மற்றவர் ஒன்றைத் தேர்கிறார். தேடுகிற உழைப்பு ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது.

இதிலும் ஓட்டை உண்டு. பட்டியல் போடுகிறவர் தனக்கு வேண்டிய மூன்றையே போடலாம். மூன்றும் விலை கூடிய ஜப்பானியக் கடைகள் என்றால் அது தேர்வே இல்லை. எனவே பட்டியல் விலையிலும் வகையிலும் உண்மையாகவே வேறுபட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்: இது கிட்ட, அது சத்தம் குறைவு, இன்னொன்று முழுச் சைவம். ‘மூணும் வேண்டாம்னா வேற சொல்லுங்க’ என்ற நான்காவது வரியும் அதில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுப்பவருக்கும் இங்கே ஒரு கடமை இருக்கிறது. இவ்வளவு தூரம் ஒருவர் யோசித்து அனுப்பிய பிறகு ‘எதுனாலும் ஓகே’ என்று சொல்வது பணிவு ஆகாது. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தன் விருப்பத்தை வெளியே வைப்பதும் ஒரு வகை நம்பிக்கை.

இந்த மேசையில் மூன்றாவது ஒருவரும் இருக்கிறார். ஒரு மணிக்கு வாழையிலைக் கடையில் வாசல்வரை ஆள் நிற்கும். சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருக்கிற அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவராக இருப்பார். இலையை நம் பக்கமாக மடித்த பிறகும் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால், நாம் எடுத்துக்கொள்வது வெளியே நிற்பவருடைய இடத்தையும் அவருடைய இடைவேளையையும். நிதானமாகப் பேச வேண்டுமென்றால் 12 மணிக்கே போகலாம். இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டு எழுந்து, பக்கத்தில் ஒரு மாமாக் கடையில் தே ஓ ஐஸ் வாங்கிக்கொண்டு பேசலாம். எதிரே இருப்பவருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பரிமாறுகிறவரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டால் அந்த அக்கறைக்கு என்ன மதிப்பு? பழக வந்தவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை யோசனையா என்று சிரிப்பவர்களுக்கு என் பதில், இந்த யோசனை முழுவதும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதுதான். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எது சாப்பிட மாட்டீர்கள், எந்தப் பக்கம் வசதி என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்று கடைகளை அனுப்பினால் போதும். இதை முன்னாலேயே செய்துவிட்டால் அந்த 25 நிமிடத்தில் விலைப் பட்டியலைப் பார்த்து முகம் மாறுவதும், கைக்கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும் இல்லாமல் போகும். பேச வந்தவர்கள் பேசலாம்.

முதல் சாப்பாட்டில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். அதை வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது முறை யார் பட்டியல் அனுப்புகிறார், மூன்றாவது முறை யார் அனுப்புகிறார் என்று பார்க்க வேண்டும். ஒருவரே அனுப்பிக்கொண்டிருந்து மற்றவர் ஒரே மாதிரி ‘ஓகே’ சொல்லிக்கொண்டிருந்தால், சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைப் பற்றி ஒருநாள் இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.